அக்காவின் மிஸ்ட் கால்

இரும்புக்குள் போன் சிக்னல் நுழையாது. வெளியே இரண்டு கோடு காட்டும் போன், என் வேனின் பின்கதவைச் சாத்தியதும் ஒன்றும் இல்லாமல் வெறிச்சென்று ஆகிவிடும். முன்பு ரொட்டி விற்ற வேன் அது. பின்பக்கம் ஜன்னல் கிடையாது. உள்ளே ஒரு பலகைக் கட்டில், காஸ் அடுப்பு, துணி மாட்ட ஒரு கயிறு. கட்டிலுக்குக் கீழே உதிரிச் சாமான்கள். பல வருஷமாக அதுதான் என் வீடு. கோலா பிலா டவுனைச் சுற்றியுள்ள எஸ்டேட்டுகளுக்கும் சின்னத் தோட்டங்களுக்கும் போய், புல்வெட்டி மெஷின், மருந்தடிக்கும் பம்பு, ரம்ப மெஷின் எல்லாம் பழுது பார்ப்பேன். ஒரு இடத்தில் வேலை முடிந்தால் அடுத்த இடம்.

வீடு எடுத்தும் இருந்து பார்த்தேன். சிரம்பான் பக்கம் ரஹாங்கில் ஒரு அறை. கதவைப் பூட்டிவிட்டுப் படுத்தால் தூக்கம் வராது. எழுந்து போய் வேனில் படுப்பேன். கடைசியில், படுக்காத அறைக்கு எதற்கு வாடகை என்று விட்டுவிட்டேன்.

எனக்கு ஒரே ஒரு அக்கா. சிரம்பானுக்குப் பக்கத்தில் பாரோயில் இருந்தாள். அப்பா அம்மா போய்விட்டார்கள். நாங்கள் பிறந்த எஸ்டேட்டில் எங்கள் லயத்து வீடுகளை இடித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனையை நட்டுவிட்டார்கள். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. அவளும் மாமாவும் மட்டும்தான். சர்க்கரை வந்து முதலில் கால் விரல்களை எடுத்தார்கள், பிறகு சிறுநீரகம் போனது. ஒருநாள் விட்டு ஒருநாள் சிரம்பானுக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருவாள். பின்னறையில் வந்து இருடா என்று எத்தனையோ முறை கூப்பிட்டாள். இரண்டு ராத்திரி இருப்பேன். மூன்றாம் நாள் அவளே, "போய்த் தொலை, கூண்டுக்குள்ள விட்ட கொரங்கு மாதிரி நடக்காத" என்பாள்.

ஒருமுறை அவளுக்கு மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அப்போது நான் ஒரு பள்ளத்துத் தோட்டத்தில் இருந்தேன். செம்பனை வளர்ந்து ஓலை கூடிவிட்டால் அதற்குக் கீழே வானமே தெரியாது. சிக்னல் எங்கே வரும்? ஸ்பார்க் பிளக் வாங்கக் கோலா பிலாவுக்கு வண்டியை விட்டபோதுதான் மாமா அடித்த அத்தனை மிஸ்ட் கால்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் போனில் வந்து விழுந்தன. நான் பாரோய்க்குப் போய்ச் சேர்ந்தபோது அக்கா வீட்டுக்கே திரும்பி, கட்டிலில் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கடா கெடந்த? மாமாவுக்கு அடிச்சு அடிச்சு வெரலே தேஞ்சு போச்சு" என்றாள். மாமா அடுப்படிக்குப் போனதும் குரலைத் தாழ்த்தினாள். "நான் செத்திருந்தா என்னா ஆவும் தெரியுமா? நீ கோடி கொண்டாராம என்னையத் தூக்க மாட்டாங்க. பெட்டிக்குள்ள படுத்துக்கிட்டு உனக்காகக் காத்துக் கெடக்கணும்லா. செத்த பொறகுமா நான் உன்னையத் தேடணும்?"

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கட்டிக்கொடுத்த பெண் இறந்தால், பிறந்த வீட்டிலிருந்து புதுச் சேலை வர வேண்டும். அதுதான் கோடி. அதைப் போர்த்திய பிறகே உடலைத் தூக்குவார்கள். அண்ணனோ தம்பியோ கொண்டுவர வேண்டும். அவளுக்கு நான் ஒருவன்தான்.

"பொறந்த வீடுன்னு சொன்னா இப்ப எனக்கு உன் வேன்தாண்டா. அதுக்குப் போனே வரலைன்னா எப்படி?" என்றாள்.

அப்படித்தான் அந்த வேலையைத் தொடங்கினேன். மற்றவர்கள் படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் சிக்னல் தேடுவார்கள். நான் தேடியது ஒரே ஒரு போனுக்காக. எந்தப் போன் வரவே கூடாது என்று நினைத்தேனோ, அது தவறாமல் வந்து சேர வேண்டும் என்பதற்காக.

கோலா பிலாவில் போன் கடை வைத்திருந்த பாயிடம் போனேன். அவர் குடும்பம் இராமநாதபுரத்துப் பக்கம். என்னைவிடச் சின்னவர். சிக்னலைக் கூட்டிக் காட்டும் பெட்டி ஒன்று விற்கிறார்களாமே, அதைக் கொடுங்கள் என்று கேட்டேன்.

"அது வேணாம்ணே. லைசென்ஸ் இல்லாம வச்சா அடுத்தவன் லைனையும் கெடுக்கும், புடிச்சா சாமான் போடுவான், அபராதம் கட்டணும்" என்று சொல்லிவிட்டு, சிம் போடுகிற ஒரு மோடத்தைக் காட்டினார். பின்னால் இரண்டு ஓட்டை. அதில் ஒயரைத் திருகி, வேனுக்கு வெளியே ஓர் ஏரியலை வைக்க வேண்டும். ஏரியல் பிடிப்பதை மோடம் வாங்கி வேனுக்குள் வைஃபையாகக் கொடுக்கும். போன் அதில் பேசும். "வெளிய இருக்கிறத உள்ள கொண்டாரலாம். வெளியவே இல்லாதத கொண்டார முடியாது. அத மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க."

ஏரியல் சாப்பாட்டுத் தட்டு அளவு. அதை உயரத்தில் தூக்கிப் பிடிக்க ஒரு கம்பு வேண்டும். நான் அப்போது நின்றிருந்த எஸ்டேட்டில் லொம்போக் தீவிலிருந்து வந்த ஒருவர் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தார். மலாயில் அண்ணனுக்கு அபாங்; நான் அவரை அபாங் என்பேன், அவரும் என்னை அபாங் என்பார். குலை வெட்டும் அரிவாளை மாட்டுகிற அலுமினியக் கம்பு ஒன்று அவரிடம் வளைந்து கிடந்தது. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் கம்பு. நீட்டினால் மரத்தின் கொண்டையைத் தொடும். வளைந்த முனையை அறுத்துவிட்டுக் கொடுத்தார். வேனின் பின்கதவோரம் இரண்டு இரும்புப் பட்டையை வைத்து முடுக்கி, கம்பை அதில் நிறுத்தினேன். தூரத்தில் இருந்து பார்த்தால் வேனே குலை வெட்டப் போவதுபோல இருக்கும்.

முதல் தடவை ஒன்றும் நடக்கவில்லை. எதிர்க் குன்றில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு டவர் நின்றது. ஏரியலை அதற்கு நேராகத் திருப்பி வைத்திருந்தேன். பேச்சு அறுந்து அறுந்துதான் வந்தது. பாயிடம் சொன்னேன். சிரித்தார். "கண்ணுக்குத் தெரியிற டவரெல்லாம் நம்ம டவராண்ணே? அது வேற கம்பெனி." மோடத்துக்கு வரும் சிக்னலைக் காட்டும் ஒரு ஆப்பை என் போனில் ஏற்றிக் கொடுத்து, அதில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்றும் காட்டினார்.

அந்த எண் எப்போதும் மைனஸில் இருக்கும். மைனஸ் நூற்றுப் பதினெட்டு என்றால் உதவாது. மைனஸ் தொண்ணூறு என்றால் நன்றாகப் பேசலாம். மைனஸுக்குப் பின்னால் வரும் எண் சிறுக்கச் சிறுக்கச் சிக்னல் கூடுகிறது. ஆறாம் வகுப்புக்கு அடுத்த புகுமுக வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். மைனஸ் கணக்கு வந்த மாதம் மழைக்காலம், பெரும்பாலும் வகுப்பில் இல்லை. வேனுக்குள் உட்கார்ந்துதான் அதைப் படித்தேன். அபாங் வெளியே நின்று கம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவார். திருப்பியதும் எண் மாறாது. சற்றுப் பொறுக்க வேண்டும். பொறுத்துப் பார்த்து, இன்னும் திருப்புங்கள் என்பேன். ஏரியல் கடைசியில் மரங்களைத் தவிர எதுவுமே தெரியாத ஒரு பக்கத்தைப் பார்த்து நின்றது. அங்கேதான் எண் நன்றாக இருந்தது.

ஒயரிலும் தப்புச் செய்திருந்தேன். நீளமாக இருந்தால் நல்லது என்று நினைத்து வாங்கி, மிச்சத்தைச் சுருட்டிக் கட்டிலுக்குக் கீழே போட்டிருந்தேன். ஏரியல் பிடித்ததில் பாதியை அந்தச் சுருளே தின்றுவிடுகிறது என்றார் பாய். குட்டையான ஒயராக மாற்றிக்கொண்டு, மோடத்தைக் கட்டிலடியிலிருந்து எடுத்துக் கம்புக்குப் பக்கத்தில் கூரையோரம் மாட்டினேன். எண் அதிலேயே நன்றாகக் குறைந்தது.

அக்காவுக்குச் சொன்னேன். அன்று முதல் ஒரு ஏற்பாடு. காலையில் எழுந்து தேநீர் குடித்ததும் அவள் எனக்குப் போனில் ஒரே ஒரு மணி அடித்து வைத்துவிட வேண்டும். ஒரு மணி என்றால், இருக்கிறேன் என்று அர்த்தம். நான் எடுக்கக் கூடாது. போனில் காசு குறைவாக இருந்த நாட்களில் எஸ்டேட்டில் எல்லாரும் அப்படித்தான் சேதி சொல்லிக்கொள்வார்கள். வைஃபையில் பேசினால் காசு போகாது என்று எத்தனை முறை சொன்னாலும், "அந்தப் பழக்கத்த மாத்தாத" என்றாள். உண்மையில் அவளுக்குப் பேச மூச்சு போதவில்லை.

மூச்சு நன்றாக இருந்த சாயங்காலங்களில் பேசுவாள். "இன்னைக்கு உனக்கு எத்தனை?" என்பதுதான் முதல் கேள்வி. நான் சிக்னல் எண்ணைச் சொல்வேன். அவள் தன் சர்க்கரை எண்ணைச் சொல்வாள். இரண்டையும் வைத்து யார் பாஸ், யார் பெயில் என்று அவளே தீர்ப்புச் சொல்வாள். அவள் பெயிலான நாட்களில் நானும் பெயிலாக, என் எண்ணைக் கூட்டிச் சொல்லியிருக்கிறேன்.

இடி இடித்தால் கம்பை இறக்கிவிட வேண்டும். அலுமினியக் கம்பை மேலே நிறுத்திக்கொண்டு மழையில் உட்கார முடியாது. அந்த நேரத்தில் போன் வராதே என்று ஒருநாள் அவளிடம் சொன்னேன்.

"இடி இடிக்கிற நேரமாப் பாத்துச் சாக மாட்டேன்லா. நீ பயப்படாம எறக்கி வச்சுக்க" என்றாள்.

மழைதான் பெரிய தொல்லை. நனைந்த ஓலை சிக்னலைக் குடித்துவிடும். மைனஸ் தொண்ணூற்றைந்து இருந்த இடம் மழை விட்ட பிறகும் மைனஸ் நூற்றுப் பத்து காட்டும். ஓலையில்லாத மேட்டு நிலமாகத் தேடினேன். எஸ்டேட்டில் அப்படி நிலம் கிடைப்பது அரிது. முதலாளிமார் ஒரு சாண் விடாமல் நட்டிருப்பார்கள். அபாங் வேலை செய்த எஸ்டேட்டில் நடாமல் விட்டிருந்தது ஒரு இடத்தைத்தான். குன்றுமேல் இருந்த பழைய இடுகாடு. நாங்கள் பிறந்த எஸ்டேட்டின் இடுகாடு அல்ல. அங்கே படுத்திருந்த யாரையும் எனக்குத் தெரியாது. அவர்களுடைய ஆட்கள் தீபாவளிக்கு முன்னால் ஒருமுறை வந்து புல் வெட்டிவிட்டுப் போவார்கள். மற்ற நாட்களில் வண்டி வந்தால் கேட்க ஆள் இல்லை. வேலியோரம் நிறுத்திக் கம்பை ஏற்றினேன். மைனஸ் எண்பத்தாறு. நான் அதுவரை பார்த்திராத எண்.

அதிலிருந்து அந்தப் பக்கத்து வேலையை மட்டும் எடுத்தேன். பகலில் எங்கே போனாலும் மெஷினைத் தூக்கிக்கொண்டு அங்கேயே திரும்பிவிடுவேன். ஒரு இடத்தில் அவ்வளவு காலம் நான் இருந்ததே இல்லை. அபாங் சாயங்காலங்களில் மோட்டார் சைக்கிளில் ஏறி வந்து, என் வைஃபையில் ஊரிலிருக்கும் மகளோடு பேசிவிட்டுப் போவார்.

எங்கே நிற்கிறேன் என்று அக்காவிடம் சொன்னேன்.

"யாருன்னே தெரியாத பொணத்துக்கு நடுவுல போய் நிக்கிறியே, பயமா இல்லையா?"

"இவங்க யாரும் போன் அடிக்க மாட்டாங்க. லைன் பிரீயா இருக்கும்."

அவள் சிரித்துச் சிரித்து இருமினாள். பிறகு மாமா போனை வாங்கி, ஏன்டா அவளைச் சிரிக்க வைக்கிறாய் என்று கோபித்துக்கொண்டார்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து, இரத்தம் சுத்தம் செய்து முடிந்ததும் தன்னை நான் வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றாள். போனேன். வேனில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, வீட்டுக்கு வேண்டாம், துணிக்கடைக்கு விடு என்றாள். எனக்கு அப்போதும் புரியவில்லை. கடையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். என்ன விசேஷத்துக்கு என்று கடைப்பெண் கேட்டாள். "எனக்குத்தாம்மா, ஒரு விசேஷம் இருக்கு" என்றாள் அக்கா. அரக்குச் சிவப்பில், ஒல்லியான பச்சைக் கரை போட்ட ஒரு சேலையை எடுத்து மடியில் விரித்துத் தடவிப் பார்த்தாள். துவைத்தால் சாயம் போகுமா என்று கேட்டாள். கேட்ட பிறகு என்னைப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வேனுக்கு வந்ததும், "விட்டா நீ அவசரத்துல போயி மஞ்சக் கலர்ல ஒன்னு தூக்கிட்டு வருவ. எல்லாரும் பாக்க அதையா போத்திக்கிட்டுப் போறது?" என்றாள். சேலை என் காசில்தான் வாங்க வேண்டும் என்பதில் மட்டும் கண்டிப்பாக இருந்தாள். கோடியை ஆள் உயிரோடு இருக்கும்போது வாங்கி வைக்கக் கூடாது. யாரும் வைக்க மாட்டார்கள். "மாமாகிட்ட சொல்லிராத. தாங்க மாட்டாரு." பிஸ்கட் டின்னில் வைத்து மூடிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். உதிரிச் சாமான்களோடு அது அங்கேயே இருந்தது. வேன் குலுங்கும்போதெல்லாம் டின் சத்தம் கேட்கும். பிறகு பழைய துணியைச் சுற்றி அடைத்து வைத்தேன்.

பிறகு ஒருநாள் காலை மணி அடிக்கவில்லை.

அக்காவுக்குத் தேநீர் தாமதமாகியிருக்கும் என்று நினைத்தேன். ஒரு புல்வெட்டியின் கார்புரேட்டரைக் கழற்றி வேலியோரம் சாக்கில் பரப்பியிருந்தேன். வெயில் ஏறியது. எழுந்து போய் எண்ணைப் பார்த்தேன். மைனஸ் எண்பத்தாறு. வானத்தில் மேகம் இல்லை, ஓலை காய்ந்திருந்தது. மோடத்தைப் பிடுங்கி மறுபடியும் சொருகினேன். பாய்க்கு ஒரு சேதி அனுப்பினேன். அவர் உடனே பதில் போட்டார். கம்பைப் பிடித்து வேண்டுமென்றே வேறு பக்கம் திருப்பினேன். எண் நூறைத் தாண்டியது. பழையபடி திருப்பினேன். எண்பத்தாறுக்கு வந்தது. குறை சிக்னலில் இருக்கட்டும் என்று அத்தனை மாதத்தில் முதல் முறையாக வேண்டிக்கொண்டேன். எங்கும் ஒரு குறையும் இல்லை. நானாகக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் அவளுக்குப் பதில் வேறு யாராவது எடுத்துவிடுவார்கள் என்பதால் கூப்பிடவில்லை.

திரும்பி வந்து சாக்கில் உட்கார்ந்தேன். அப்போது போன் அடித்தது. அக்காவின் பெயர். ஒரு மணி. நின்றுவிட்டது.

அந்த நேரத்தில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். தேநீர் தாமதம், வேறொன்றும் இல்லை. சாயங்காலம் நன்றாகத் திட்ட வேண்டும் என்று நினைத்தபடி கார்புரேட்டரின் சின்னத் திருகாணியைக் கையில் எடுத்தேன். போன் மறுபடியும் அடித்தது. ஒரு மணி. இரண்டாவது மணி. மூன்றாவது. நிற்கவில்லை.

மாமாவுக்கு அவளுடைய போன் பழக்கமில்லை. முதல் தடவை அழுத்தும்போது விரல் தவறி வைத்துவிட்டாராம்.

"அக்கா போயிட்டாடா. தேத்தண்ணி ஆத்திக் கொண்டு போனேன். முழிக்கல. நீ வா."

அவ்வளவு தெளிவாகக் கேட்டது. அவர் மூச்சு வாங்குவது, பின்னால் யாரோ நாற்காலியை இழுப்பது, பக்கத்து வீட்டுக் கோழி, எல்லாம் பக்கத்தில் நடப்பதுபோலக் கேட்டது. ஒரு சொல்கூட அறுந்து போகவில்லை.

கீழே குலை வெட்டிக்கொண்டிருந்த அபாங்கைக் கூப்பிட்டேன். அவர் வந்து என் முகத்தைப் பார்த்தார். கம்பை ஒன்றுக்குள் ஒன்றாக நுழைத்து இறக்கிக் கட்டிக் கொடுத்தார். பரப்பிய சாமான்களைச் சாக்கோடு சுருட்டி உள்ளே போட்டார். வழியில் புக்கிட் புத்துஸ் மலை ஏற்றத்தில் போன் வழக்கம்போலச் சிக்னல் இல்லாமல் போனது. இனி வரவேண்டிய போன் எதுவும் இல்லை.

பாரோயில் வாசலில் கூடாரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாமாவின் சொந்தத்தில் ஒரு பெரியம்மா, பொறந்த வீட்டுக் கோடிக்கு யார், எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டார். நான் ஒருவன்தான் என்றேன். கடை மூடுவதற்குள் போய் வாங்கி வா என்றார். வேனுக்குள் போய் டின்னைத் திறந்தேன். வேறு வீடுகளில் கோடி வரும்போது ஒரு கூட்டம் வரும், முன்னால் மேளம் அடிப்பார்கள். நான் ஒரு தட்டில் சேலையும் பூவும் மஞ்சளும் வைத்து, ரோட்டோரம் நின்ற வேனிலிருந்து வாசல் வரைக்கும் தனியாக நடந்தேன். தூரம் அவ்வளவுதான்.

மாமாதான் தட்டை முதலில் பார்த்தார். சேலையைத் தொட்டு, குனிந்து முகர்ந்தார். எனக்குப் பழகிப்போனதால் தெரியவில்லை. சேலை முழுக்கப் பெட்ரோலும் மெஷின் எண்ணெயும் கலந்த வாடை. இப்போதுதான் வாங்கிய சேலையில் அந்த வாடை இருக்காது.

"அவளே எடுத்தாளா?"

தலையாட்டினேன்.

"பச்சக் கரைன்னா அவளுக்கு உசுரு" என்று சொல்லிவிட்டு, தானே மடிப்பைப் பிரித்து ஒரு முனையை என் கையில் கொடுத்தார். இரண்டு பேரும் போர்த்தினோம். யாரும் காத்திருக்க வேண்டி வரவில்லை. குறித்த நேரத்துக்குத் தூக்கினார்கள்.

காரியம் முடியும் வரைக்கும் பின்னறையில் இருந்தேன். இந்த முறை போகச் சொல்ல ஆள் இல்லை. மாமா தன் அண்ணன் மகன் வீட்டுக்குக் கிளம்பியபோது நானும் கிளம்பினேன்.

அந்தக் குன்றுக்கே திரும்பிப் போனேன். பிரித்துப் போட்ட புல்வெட்டி ஒன்று பாக்கி இருந்தது. சாக்கை விரித்தபோது அந்தச் சின்னத் திருகாணி மட்டும் இல்லை. வேலியோரம் புல்லுக்குள் தேடினேன், கிடைக்கவில்லை. சாயங்காலம் அபாங் வந்தார். மகளோடு பேச வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. ஓரமாக உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து கம்பை ஏற்றினேன். அவர் திருப்பினார், நான் உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். சற்றுப் பொறுத்து எண் இறங்கி வந்து நின்றது. அவர் வெளியிலிருந்து எத்தனை என்று கேட்டார்.

எண்பத்தாறு என்றேன். கேட்டவர் அக்கா அல்ல, அபாங் என்பது, சொல்லி முடித்த பிறகே உறைத்தது.